டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட், ஜிம் டிரெய்னர்: யாருக்கு என்ன தகுதி? யாரிடம் எதைக் கேட்கலாம்?

ஒரு சின்ன கற்பனை. உங்களுக்கு வயது 34. சொந்த ஊர் நாகர்கோவில். வேலை திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கில். அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் உங்கள் 'எச்பிஏ1சி' அளவு 6.1 என்று வந்திருக்கிறது. கடந்த இரண்டு, மூன்று மாதங்களில் ரத்தச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் பரிசோதனை அது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். "சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

சரி, இப்போது யாரிடம் போவீர்கள்?

வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில் ஜிம் இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் 'நியூட்ரிஷன் கோச்', 'வெல்னஸ் கன்சல்டன்ட்', 'டிரான்ஸ்ஃபர்மேஷன் எக்ஸ்பர்ட்' என்று வரிசையாக வருகிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் டயட்டீஷியன், பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள். எல்லோரும் பேசுவது சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் பற்றித்தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவர்கள் எல்லோரும் ஒன்றல்ல. சிலருடைய தொழிலுக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது, படிக்க வேண்டிய மணி நேரம்கூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. சிலருக்கு இரண்டுமே தேவையில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டுவதில் என்ன ஆபத்து? பார்க்கலாம்.

இது எத்தனை பேரின் பிரச்னை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைத்த ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. பெரியவர்களில் இது 11.4 சதவீதம். கேரளத்தில் மட்டும் 25.5 சதவீதம், அதாவது நான்கில் ஒருவர். மேலும் 15.3 சதவீத இந்தியர்கள், மேலே சொன்ன 6.1 ஆசாமியைப் போல, நோய்க்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள்.

உடல் எடையைப் பார்த்தால் தமிழ்நாடும் கேரளமும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21), அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ள பெண்கள் தமிழ்நாட்டில் 40.4 சதவீதம், கேரளத்தில் 38.1 சதவீதம். தேசிய சராசரி 24 சதவீதம். ஆண்களில் தமிழ்நாடு 37, கேரளம் 36.4, இந்தியா 22.9 சதவீதம்.

ஆக, "சாப்பாட்டை மாத்துங்க, உடம்பை அசைங்க" என்ற அறிவுரை தேவைப்படுவோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த அறிவுரையைச் சொல்லத் தகுதியானவர் யார் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

தெரியாததன் விலை சில நேரம் உயிராகவும் இருக்கிறது. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது மாணவி, உணவை மிகக் கடுமையாகக் குறைத்துக்கொண்டதால் உயிரிழந்தார். எடை குறைப்பு வீடியோக்களைப் பார்த்து அவர் அப்படிச் செய்ததாகவும், உணவுண்ணல் சார்ந்த மனநலக் கோளாறு இருந்திருக்கலாம் என மருத்துவர்கள் கருதியதாகவும் செய்திகள் கூறின. அதே ஆண்டு ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். யூடியூப் பார்த்து மாதக்கணக்கில் பழச்சாறு மட்டுமே குடித்துவந்தார் என்று குடும்பத்தினர் தெரிவித்தனர். இரண்டு சம்பவத்திலும் தவறு பிள்ளைகளுடையது அல்ல. கேள்வி கேட்கவும், 'போதும், நிறுத்து' என்று சொல்லவும் பயிற்சி பெற்ற ஒருவர் இடையில் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சட்டம் யாரையெல்லாம் அங்கீகரிக்கிறது?

மருத்துவருக்கு மருத்துவ ஆணையம் இருக்கிறது, செவிலியருக்கு நர்சிங் கவுன்சில் இருக்கிறது. டயட்டீஷியனுக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் தேசிய அளவில் அப்படியொரு அமைப்பு நீண்ட காலம் இல்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டம்' அந்த இடைவெளியை நிரப்ப வந்தது. அதே ஆண்டு மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பத்துப் பிரிவுகள் இருக்கின்றன. நமக்கு முக்கியமானவை இரண்டு.

ஒன்று, ஊட்டச்சத்து அறிவியல். இதில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் என இரு பெயர்கள் உண்டு. மருத்துவமனை நோயாளிகளுக்கான கிளினிக்கல் டயட்டீஷியன், உணவுக்கூடங்களை நிர்வகிக்கும் டயட்டீஷியன், பொதுச் சுகாதார நியூட்ரிஷனிஸ்ட், விளையாட்டு நியூட்ரிஷனிஸ்ட் என்று உட்பிரிவுகளும் குறிப்பிடப்பட்டுள்ளன.

இரண்டு, பிசியோதெரபி.

'சுகாதாரத் தொழில்முறையாளர்' என்றால், மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்துப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவு செய்யாமலேயே பதிவு செய்ததாகக் காட்டிக்கொண்டால் அபராதம் உண்டு.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில்? சட்டம் வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 2024 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 14 மாநிலங்கள் மட்டுமே கவுன்சில் அமைத்திருந்தன, அவையும் செயல்படுவதாகத் தெரியவில்லை என்று குறிப்பிட்ட நீதிமன்றம், சட்டத்தை அமல்படுத்த இரண்டு மாதக் கெடு விதித்தது. 2025 ஏப்ரலில் பத்துத் தொழில்களுக்கான புதிய பாடத்திட்டங்களை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. அதில் ஊட்டச்சத்தும் பிசியோதெரபியும் இருந்தன. தொலைநிலைக் கல்வி வழியாகவும் ஆன்லைனிலும் இத்தகைய படிப்புகளில் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்தது. உணவும் ஊட்டச்சத்தும் சார்ந்த படிப்புகளும் இந்தத் தடையில் அடக்கம்.

இன்னொரு விஷயம். இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி 1918-இல் நம்ம குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவில் ஆரம்பித்தது. அதுதான் வளர்ந்து, இன்றைக்கு ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஆய்வு தொடங்கியதிலிருந்து, அந்தத் துறையில் வேலை செய்பவருக்குச் சட்டத்தில் பெயர் கிடைக்க 103 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்டும் ஒன்றா?

பேச்சு வழக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். வேலை வேறு.

டயட்டீஷியன், நோயாளிக்கு உணவை மருத்துவத்தின் ஒரு பகுதியாகத் திட்டமிடுபவர். சிறுநீரகக் கோளாறு, இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோய், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான உணவு, குழாய் வழி உணவு இதெல்லாம் இவருடைய களம். வழக்கமான பாதை: உணவு அறிவியல், ஊட்டச்சத்து அல்லது மனையியலில் பி.எஸ்சி, பிறகு எம்.எஸ்சி அல்லது டயட்டெடிக்ஸில் முதுநிலை டிப்ளமோ, அதன்பின் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் தேர்வில் தேறினால் பெயருக்குப் பின்னால் 'ஆர்.டி.' போட்டுக்கொள்ளலாம். 'ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்' என்பதன் சுருக்கம் அது.

பொதுச் சுகாதார நியூட்ரிஷனிஸ்ட், தனி நோயாளியைவிட ஒரு ஊரின், ஒரு பள்ளியின் உணவைப் பற்றி யோசிப்பவர். அங்கன்வாடி உணவு, சத்துணவு, ரத்தசோகைத் தடுப்பு போன்றவை இவருடைய பக்கம். விளையாட்டு நியூட்ரிஷனிஸ்ட், போட்டிக்கு முன்னும் பின்னும் வீரர் என்ன சாப்பிட வேண்டும் என்று திட்டமிடுபவர்.

சிக்கல் என்னவென்றால், ஆறு வார ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் தன்னை 'நியூட்ரிஷனிஸ்ட்' என்றே அழைத்துக்கொள்கிறார். கவுன்சில்களும் பதிவேடுகளும் எல்லா மாநிலத்திலும் முழுமையாக இயங்கும்வரை அதைத் தடுப்பது கஷ்டம். 'டயட் கோச்', 'வெல்னஸ் கோச்' போன்ற பெயர்களோ அட்டவணையிலேயே இல்லை.

உடற்பயிற்சிப் பக்கம் யார் யார்?

இங்கே குழப்பம் இன்னும் அதிகம்.

பிசியோதெரபிஸ்ட்: பி.பி.டி. பட்டம். இதுவரை நாலரை ஆண்டு, புதிய பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் உட்பட ஐந்து ஆண்டு. மூட்டு வலி, பக்கவாதம், விபத்துக்குப் பிறகான மீட்சி, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான பயிற்சி என, நோயோ காயமோ இருக்கும் உடலை அசைய வைப்பவர். இவர்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்ற சர்ச்சை 2025 செப்டம்பரில் வெடித்தது நினைவிருக்கலாம். போடக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் ஒரு கடிதம் எழுதி, அடுத்த நாளே திரும்பப் பெற்றது. நோயாளிக்கு அந்த முன்னெழுத்தைவிட முக்கியம், பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பது.

உடற்கல்வி பட்டதாரி: பி.பி.எட்., எம்.பி.எட். படித்தவர். அடிப்படையில் இது ஆசிரியர் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் கீழ் வருகிறது. சென்னை நந்தனத்தில் 1920-இல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதில் முன்னோடி.

விளையாட்டுப் பயிற்றுநர்: பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ போன்றவை இவருக்கான தகுதி.

ஃபிட்னஸ் டிரெய்னர்: ஜிம்மில் நாம் தினமும் பார்ப்பவர். இவருடைய தொழில் 2021 சட்டத்தின் அட்டவணையில் இல்லை. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஃபிட்னஸ் டிரெய்னர் படிப்பு உண்டு. தனியார் அகாடமிகளின் சான்றிதழ்கள் உண்டு. அமெரிக்காவின் ஏ.சி.இ. போன்ற வெளிநாட்டுச் சான்றிதழ்களும் உண்டு. 18 வயது, பள்ளிப் படிப்பு, முதலுதவிச் சான்றிதழ் இருந்தால் ஏ.சி.இ. தேர்வை எழுதலாம். அது மோசமான சான்றிதழ் அல்ல. ஆனால் டிரெய்னர் நோயைக் கண்டறியக் கூடாது, தனிநபருக்கு உணவுத் திட்டம் எழுதித் தரக் கூடாது என்று அந்த அமைப்பே எல்லை வகுத்திருக்கிறது.

முக்கியமாக, இந்தச் சான்றிதழ்களில் எதுவுமே இல்லாமலும் ஒருவர் இந்தியாவில் டிரெய்னராக வேலை செய்யலாம்.

ஜிம்முக்கு லைசென்ஸ் இருக்கிறதே?

இருக்கிறது. அல்லது இருக்க வேண்டும். கேரளத்தில் எல்லா ஜிம்களும், பொதுமக்கள் கூடும் இடங்களுக்கான 1963-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. ஜிம்முக்கு அருகில் குடியிருந்தவரின் புகாரில் தொடங்கிய வழக்கு அது. உரிமம் தருவது உள்ளாட்சி அமைப்பு. கழக்கூட்டத்துக்கு அது திருவனந்தபுரம் மாநகராட்சி.

சட்டத்தின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். அது இடத்துக்கான சட்டம். சினிமா கொட்டகை போல, மக்கள் கூடுகிற ஒரு கட்டடம் முறையாக நடக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. உள்ளே உங்கள் தோளைப் பிடித்து எடை தூக்கச் சொல்பவர் என்ன படித்தவர் என்பது அதன் கேள்வியே இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் உரிமம் கட்டடத்துக்கானது. டிரெய்னருக்கானது அல்ல.

பக்கத்திலேயே இன்னொரு உலகம்

டெக்னோபார்க்கிலிருந்து சில நிமிடம் போனால் காரியவட்டம். அங்கே 1985-இல் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. இந்திய விளையாட்டு ஆணையம் நடத்தும் நிறுவனம். அதே வளாகத்தில் தேசிய உயர்திறன் பயிற்சி மையமும் இயங்குகிறது. இத்தகைய மையங்களின் அமைப்பே வேறு: பயிற்றுநர் ஒருவர், உடல்வலுப் பயிற்சி நிபுணர் ஒருவர், பிசியோதெரபிஸ்ட் ஒருவர், நியூட்ரிஷனிஸ்ட் ஒருவர், தேவைப்பட்டால் உளவியலாளர், மருத்துவர். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. வீரருக்கு முழங்கால் வலித்தால் பயிற்றுநர் பிசியோவிடம் அனுப்புகிறார். எடை குறைந்தால் நியூட்ரிஷனிஸ்ட் பார்க்கிறார்.

நாட்டிலேயே ஆரோக்கியமான 20 வயது உடல்களுக்கு ஐந்தாறு நிபுணர்கள். அதே சாலையில், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்து, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும் 34 வயது உடலுக்கு ஒரே ஒரு டிரெய்னர். அவரே பயிற்சி சொல்கிறார், அவரே டயட் சார்ட் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், அவரே முட்டி வலிக்கு வைத்தியம் சொல்கிறார், அவரே புரோட்டீன் பவுடரும் விற்கிறார்.

இதற்கு டிரெய்னரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. நல்ல டிரெய்னர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பலருக்குச் சம்பளம் குறைவு, சப்ளிமென்ட் விற்றால்தான் மாதம் ஓடும். "எனக்கு இது தெரியாது, டயட்டீஷியனைப் பாருங்க" என்று அவர் அனுப்பிவைக்க ஜிம்மில் வழியே இல்லை. வாடிக்கையாளரும் அதை விரும்புவதில்லை.

ஒரு டயட் சார்ட்டில் அப்படி என்ன ஆபத்து?

ஆரோக்கியமான ஒருவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆகலாம். ஓர் உதாரணம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை இன்று பரவலாக எழுதப்படும் சர்க்கரை மாத்திரைகள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்து, விலை வெகுவாகக் குறைந்துவிட்டது. இதைச் சாப்பிடும் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று மாவுச்சத்தை அடியோடு நிறுத்தி 'கீட்டோ' டயட்டுக்கு மாறினால், ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை வரலாம். உயிருக்கே ஆபத்தானது. கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் ரத்தச் சர்க்கரை அளவு ஓரளவு சரியாகவே இருக்கக்கூடும். குளுக்கோமீட்டரைப் பார்த்து "நார்மல்தானே" என்று விட்டுவிடுவோம்.

இதேபோல், இன்சுலின் போடுபவர் திடீரென்று 16 மணி நேரம் பட்டினி இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கலாம். சிறுநீரகம் பழுதடைந்தவருக்குக் கூடுதல் புரதம் சுமை. சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர் மூச்சைப் பிடித்துக் கனமான எடை தூக்கினால் கண்ணுக்குள் ரத்தக் கசிவு வரலாம். பதிவு பெற்ற டயட்டீஷியனும் பிசியோவும் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று முதலில் கேட்பது இதனால்தான்.

புரோட்டீன் பவுடர் கதையும் இருக்கிறது. கேரள மருத்துவர்கள் குழு ஒன்று இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதப் பொடிகளில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. அதே ஆண்டு மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடலைக் கட்டமைக்க புரதப் பொடிகளைத் தவிர்க்கும்படியே சொல்கிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் 'டயட்டீஷியன்' சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பெயர். பதிவு செய்யாதவர் பயன்படுத்தினால் குற்றம். 'நியூட்ரிஷனிஸ்ட்' அங்கேயும் பாதுகாக்கப்பட்ட பெயர் அல்ல. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல், டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் பிசியோவுக்கும் டிரெய்னருக்கும் நடுவே ஒரு தொழில் இருக்கிறது: எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்ட். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சியையே மருந்துச் சீட்டு போல எழுதித் தரும் பட்டதாரி. குடும்ப மருத்துவர் பரிந்துரைத்தால், 2006 முதல் அரசின் மெடிகேர் திட்டமே அவருக்கான கட்டணத்தில் ஒரு பங்கைத் தருகிறது.

நம் ஊரில் அந்த நடு இருக்கை காலியாக இருக்கிறது. நமது 6.1 ஆசாமிக்குத் தேவைப்படுவது சரியாக அந்த ஆள்தான்.

அரசுப் பக்கத்தில் நம்பிக்கை தரும் விஷயமும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். கேரளத்தில் 'அமிர்தம் ஆரோக்கியம்' திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். காசு இல்லை என்பதற்காக யூடியூபை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. "நீங்க என்ன படிச்சிருக்கீங்க, எங்கே, எத்தனை வருஷம்?" இது அவமரியாதை அல்ல. படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

2. "எந்தப் பதிவேட்டில் உங்க பேர் இருக்கு?" டயட்டீஷியன் என்றால் மாநிலக் கவுன்சில் பதிவு அல்லது ஆர்.டி. எண். பிசியோ என்றால் மாநிலக் கவுன்சில் பதிவு.

3. "எனக்கு இந்த நோய் இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடறேன். உங்க பிளான்ல என்ன மாறும்?" ஒன்றும் மாறாது என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

4. "எப்போ என்னை வேறொருத்தர்கிட்ட அனுப்புவீங்க?" தன் எல்லை தெரிந்தவரே நல்ல தொழில்முறையாளர்.

5. ஆலோசனை சொல்பவரே பொருளும் விற்கிறாரா? விற்றால் அந்த ஆலோசனையைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள்.

6. இன்ஃப்ளூயன்சர் என்றால் தகுதியை வெளிப்படையாகச் சொல்கிறாரா? உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்களும் இன்ஃப்ளூயன்சர்களும், தாங்கள் சான்று பெற்ற நிபுணர்தானா, தாங்கள் சொல்வது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

அந்த 6.1 என்ன ஆகும்?

வேறு நோய் எதுவும் இல்லை, மாத்திரை எதுவும் இல்லை என்றால் நீங்கள் தாராளமாக ஜிம்முக்குப் போகலாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எடையைச் சரியாகத் தூக்கக் கற்றுத்தர டிரெய்னர்தான் சரியான ஆள். சாப்பாட்டுக்கு ஒரு டயட்டீஷியனை ஒரு முறையாவது பாருங்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். மூட்டு வலியோ முதுகு வலியோ இருந்தால் முதலில் பிசியோ. நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் டாக்டர்.

ஜிம்மின் சுவரில் உள்ள உரிமத்தை மாநகராட்சி சரிபார்க்கும். வாட்ஸ்அப்பில் வரும் டயட் சார்ட்டை எழுதியவர் யார் என்பதை, இப்போதைக்கு, நீங்கள்தான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.